பின்சந்துச் சீர்வரிசை

ஒரு வீட்டின் லட்சணம் தெரிய வேண்டுமானால் முன்வாசலில் போய் நிற்கக் கூடாது, பின்வாசலில் நிற்க வேண்டும். குமுதா எட்டு வருடமாக அங்கேதான் நிற்கிறாள். ஈப்போவில், புந்தோங் பக்கம், கடை வரிசைக்கும் வீட்டு வரிசைக்கும் நடுவே ஓடும் மூன்று பின்சந்துகளைக் கூட்டுவது அவள் வேலை. யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, யார் டாக்டர் கண்டித்த பிறகும் டின் பானம் குடிக்கிறார், யார் வீட்டில் அடுப்பு மூட்டாமல் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் யாரிடமும் மூச்சு விடமாட்டாள்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் கைமாறி, செம்பனையாகி, இப்போது அங்கே மாடி வீடுகள் நிற்கின்றன. பதினெட்டு வயதில் லகாட்டில் ஒரு மண்பாண்டத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். உண்டியல் முயல், உண்டியல் பூனை, பூந்தொட்டி யானை, இவற்றுக்கெல்லாம் கண் எழுதுவது அவள் வேலை. உடம்புக்கு யார் வேண்டுமானாலும் சாயம் பூசலாம், கண் மட்டும் குமுதாவிடம்தான் வரும். தூரிகையால் இரண்டே இழுப்பு. அதுவரை மண்ணாக இருந்தது, எதிரே நிற்பவனை முறைக்க ஆரம்பித்துவிடும். "குமுதா கை வைக்காத முயல் செத்த முயல்" என்று சீன முதலாளி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பதினொரு வருடம் கழித்து அவர் கடையைக் கட்டினார். குமுதா கையில் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் துடைப்பத்தைப் பிடித்தாள்.

மூன்று சந்துகளில் இரண்டு பரம சாது. நடுச்சந்துதான் அவள் உயிரை வாங்கியது. அதன் பாதி வழியில் நல்லம்மாளின் நீண்ட சுவர் இருந்தது. நல்லம்மாள் கச்சான், முறுக்கு, பொரித்த கடலை போட்டு விற்கிறவள். அறுபது வயதிலும் எண்ணெய்ச் சட்டி முன்னால் சளைக்காமல் நிற்பவள். அந்தச் சுவரடியில்தான் ஊரே கொட்டியது. குமுதா காலை ஏழு மணிக்குக் கூட்டிப் பெருக்கி, லோங்காங் சாக்கடையில் அடைத்ததைக் குத்திவிட்டு, அந்தக் கோடிச் சந்துக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு மலை முளைத்திருக்கும். நீட்டிய காலோடு ஒரு நாற்காலி, வயிறு திறந்த டிவி, டுரியான் காலத்தில் மூட்டை மூட்டையாகத் தோல். போட்டவன் முகத்தை அவள் ஒருநாளும் கண்டதில்லை. கதவுச் சத்தம் மட்டும் கேட்கும்.

மாநகர் மன்றத்து அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. எல்லோரும் அவரை மரியாதையாகப் புவான் என்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார். சந்து அசுத்தமாக இருந்தால் குத்தகைக்காரனுக்கு நோட்டிஸ் போகும். மூன்று நோட்டிஸ் போனால் சந்து குத்தகைக்காரன் கையை விட்டுப் போகும், சந்தைக் கூட்டுகிறவளும் வீட்டுக்குப் போவாள். அதுதான் கணக்கு. குமுதாவின் கணவன் கார்த்திகேசுவுக்கு வீடுகளுக்குச் சாயம் அடிக்கும் வேலை, மழை பெய்தால் படுத்துவிடும் வேலை. மகள் கலாதேவி போலிடெக்னிக்கில் கடைசி வருடம். நாற்பத்தாறு வயதில் இந்தத் துடைப்பமும் போனால் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

முதல் நோட்டிஸ் வந்த அன்று சூப்பர்வைசர் மகேந்திரன் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே பேசினான். நல்ல பிள்ளை, ஆனால் மேலே இருந்து ஒரு சத்தம் வந்தால் போதும், நடுங்கிவிடுவான்.

"அக்கா, நம்ம ஆளுங்களுக்குப் போர்டெல்லாம் வேலைக்காவாதுலா. நாலு பாஷையில போர்டு வச்சோம், போர்டுக்குக் கீழேயே கொட்டிட்டுப் போறான். பேசாம சாமி படம் வரைஞ்சு விடுங்க. சாமி காலடியில எவன் குப்பை போடுவான்?"

குமுதாவுக்கும் அது சரியென்றே பட்டது. நல்லம்மாளிடம் போய்க் கேட்டாள்.

"என் செவருதான? என்னா வேணும்னாலும் வரைஞ்சுக்கோ. இந்த நாத்தம் போனா சரி" என்றாள் நல்லம்மாள், கரண்டியைக் கீழே வைக்காமல்.

கார்த்திகேசு வேலை செய்த இடங்களில் மிஞ்சிய சாயங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று குமுதா ஒரு மாரியம்மனை எழுதினாள். மஞ்சள் முகம், சிவப்புப் புடவை, கையில் சூலம். கடைசியில் கண். அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு மகேந்திரன் தன்னை அறியாமல் ஹெல்மெட்டைக் கழற்றினான். மூன்று நாள் சந்து கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு காகிதத் துண்டு கிடையாது. குமுதா எட்டு வருடத்தில் முதல் தடவையாக நடுச்சந்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள்.

நான்காம் நாள் படத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. ஐந்தாம் நாள் சாம்பிராணி. அந்த வார முடிவில் யாரோ சுவரில் ஆணி அடித்து மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். அதற்கப்புறம் வந்ததுதான் வினை. இந்தத் தப்பை உலகத்தில் நம்மவர்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. நம் வீடுகளில் கண்ணாடி உடைந்த சாமி படங்கள் இருக்கும். போன வருடத்து முருகன் காலண்டர் இருக்கும். தும்பிக்கை போன பிள்ளையார் இருப்பார். மாட்டி வைக்கவும் முடியாது, குப்பையில் போடவும் மனம் வராது. அலமாரிக்கு மேலே, கட்டிலுக்கு அடியிலே என்று பத்து வருடமாக ஒளித்து வைத்திருப்போம். இப்போது போடுவதற்கு ஒரு நல்ல இடம் கிடைத்துவிட்டது. அம்மன் காலடியில் வைத்தால் பாவமா என்ன? ஒருவர் வைத்தார், ஒன்பது பேர் பின்னால் வந்தார்கள். இரண்டு வாரத்தில் முப்பது லட்சுமி, இருபது முருகன், மூக்குடைந்த சரஸ்வதி, பழைய மாலைகள், கரிப்பிடித்த விளக்குகள், அவற்றின் நடுவே ஒரு எலிக்குடும்பம்.

மற்ற குப்பையாக இருந்தால் குமுதா வாரி எறிந்திருப்பாள். முருகனைத் துடைப்பத்தால் தள்ளுவது எப்படி? மூன்று நாள் சுற்றிச் சுற்றிக் கூட்டினாள். நான்காம் நாள் புவான் வந்தார். பத்தடி தள்ளி நின்று பார்த்தார். "இதை எப்படி எடுப்பது?" என்று மகேந்திரனிடம் மலாயில் மெல்லக் கேட்டார். மகேந்திரன் வானத்தைப் பார்த்தான். இரண்டாவது நோட்டிஸ் வந்தது.

கடைசியில் பக்கத்துக் கோயில் பூசாரி பிச்சைமுத்து வந்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, எல்லாத் தெய்வங்களையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது சொன்னார்: "படத்தையும் எடுத்துடும்மா. ஆத்தாளக் காவலுக்கு நிறுத்தினா வர்றவன் பயப்பட மாட்டான், கும்பிடத்தான் செய்வான்." குமுதா வெள்ளைச் சாயத்தை எடுத்தாள். சூலம் மறைந்தது, புடவை மறைந்தது. கண்ணுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. "ஆத்தா, நீ கோயில்லயே இரு. இங்க நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, தன் கண்ணை மூடிக்கொண்டு அதையும் பூசினாள். மறுநாளே சுவரடியில் ஒரு பழைய மைக்ரோவேவ் வந்து உட்கார்ந்தது.

அந்த மாதம் பாகான் செராயில் கார்த்திகேசுவின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் பெண் வீட்டார் சீர்வரிசை எடுத்து வந்தார்கள். முப்பத்தோரு தட்டு. பட்டுச் சரசரக்க, மேளம் முன்னால் போக, ஒவ்வொருத்தியும் தன் தட்டை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். ஒரு தட்டில் ஆப்பிள் கோபுரம், ஒரு தட்டில் சாக்லேட் தேர், ஒன்றில் மாப்பிள்ளைக்கு வாங்கிய செருப்புக்கூட ரிப்பன் கட்டி இருந்தது. வீடியோக்காரன் பக்கத்தில் வரும்போது எல்லோரும் நடையைக் குறைத்தார்கள். குமுதா கையிலும் ஒரு தட்டு இருந்தது. முன்னால் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தட்டிலிருந்த மாதுளை உருண்டு விழுந்தது.

"என்னா புள்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா? தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லவா?" என்றான் கார்த்திகேசு.

"நம்ம ஆளுங்க குடுக்கும்போது எப்பிடி வர்றாங்க பாருங்க. முன்வாசல், மேளம், வீடியோ. போடும்போது மட்டும் பின்கதவத் தொறந்து, தலையக் கவுத்துக்கிட்டு, ஓட்டமா ஓடிர்றாங்க. அதையும் மேளத்தோட கொண்டாந்தா என்னா?"

கார்த்திகேசுவுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் பஸ் ஜன்னலில் விரலால் ஏதோ வரைந்துகொண்டே வந்தாள்.

அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் நல்லம்மாள் சுவரோடு கிடந்தாள். இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஒரு சீர்வரிசை நடந்தது. சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்பது முறை, ஆகவே பதினொரு பேர். ஆண்கள் பட்டு வேட்டி, பெண்கள் காஞ்சிபுரம், காதில் ஜிமிக்கி. ஒருவருக்கும் முகம் இல்லை. தூக்கிப் பிடித்த தாம்பாளம் ஒவ்வொரு முகத்தையும் மறைத்திருந்தது. தாம்பாளத்தில் ஆப்பிளும் சாக்லேட்டும் இல்லை. ரிப்பன் கட்டிய மைக்ரோவேவ், கோபுரமாக அடுக்கிய குழந்தை நாப்பி, டுரியான் தோல் தேர், நெளிந்த எண்ணெய் டின்கள், சுருட்டிய மெத்தை. எட்டு வருடமாக எதையெதைத் தூக்கினாளோ, அதையதை அச்சு அசலாக எழுதினாள். வரிசையின் முதல் ஆள் கையில் இரண்டு காலிச் சாய டின்.

"என்னைய ஏன்டி போட்ட?" என்றான் கார்த்திகேசு.

"போன வருஷம் எனக்குச் சாப்பாடு கொண்டாந்தப்ப ரெண்டு டின்ன இங்கதான வச்சிட்டுப் போனீங்க? நம்மள விட்டுட்டு ஊரப் போட்டா நியாயமா?"

வரிசை போய்ச் சேரும் இடத்தில் மாப்பிள்ளை நின்றான். கழுத்தில் மாலை, தலையில் தலைப்பாகை, உடம்பு பச்சைக் குப்பைத்தொட்டி. கடைசியாக அவள் மெல்லிய தூரிகையை எடுத்துக் கண் எழுதினாள். மனிதர்களுக்கு இல்லை, சாமான்களுக்கு. மைக்ரோவேவ், நாப்பி, மெத்தை, ஒவ்வொன்றும் திரும்பித் தன்னைத் தூக்கி வருகிறவரைப் பார்த்தது. 'என்னையா விட்டுட்டுப் போறே?' என்று கேட்கிற பார்வை. மாப்பிள்ளைத் தொட்டியின் கண்கள் மட்டும் சீரின் கனத்தைப் பார்த்து மிரண்டு போயிருந்தன.

கண் எழுதி முடித்த மறுநாள், திங்கட்கிழமை காலையில் அந்த வழியாகப் போனவர்கள் நின்றார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு உள்ளே போய் மற்றவர்களைக் கூட்டி வந்தார்கள். சிலர் மட்டும் சிரிக்கவில்லை. வந்தார்கள், வரிசையில் எதையோ தேடினார்கள், கண்டுபிடித்ததும் முகம் கறுத்து நகர்ந்தார்கள். நல்லம்மாள் தன் எண்ணெய் டின்களைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். "என் செவத்துலேயே என்னைய ஏத்திட்டியா?" என்றாள். அன்று அவள் டின்களை நசுக்கிக் கட்டி, பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். செவ்வாய், புதன், வியாழன் போனது. சுவரடியில் ஒரு துரும்பு விழவில்லை. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பதினொரு சோடிக் கண்ணுக்கு எதிரே நிற்க முடியாமல் திரும்பிப் போனார்கள்.

பகை கோடிவீட்டிலிருந்து வந்தது. அது வழக்கறிஞர் சிவசுப்பிரமணியனின் வீடு. செட்டிநாட்டுக் குடும்பம், தேக்குக் கதவு, வாசலில் இரண்டு கார். நீதிமன்றத்தில் அவர் எழுந்தால் எதிராளி உட்கார்ந்துவிடுவான் என்பார்கள். அவர் மன்றத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். மேற்படி ஓவியம் குடியிருப்பாளர்களின் மானத்தைக் கெடுக்கிறது, உடனே அழிக்க வேண்டும், வரைந்த தொழிலாளியை இந்தச் சந்திலிருந்து மாற்ற வேண்டும். அடுத்த வியாழன் பத்து மணிக்கு நேரில் பார்த்து முடிவு செய்வதாகப் புவானிடமிருந்து பதில் வந்தது. அதுவே மூன்றாவது சோதனையும்.

மகேந்திரன் வெள்ளைச் சாய டின்னோடு ஓடி வந்தான்.

"அக்கா, லாயர்கிட்ட மோத முடியுமா? அவங்க வர்றதுக்குள்ள நானே அடிச்சிடறேன். மன்னிப்புக் கேட்டா வேலையாச்சும் மிஞ்சும்."

குமுதாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. சோறு இறங்காமல் இரண்டு நாளாகிறது. ஆனாலும் டின்னை வாங்கித் தன் வண்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஆத்தாள அழிச்சேன், அது என் தப்பு, அழிச்சேன். இதுல என்னா தப்பு இருக்கு, சொல்லு? எட்டு வருஷம் நான் தூக்கினத வரைஞ்சிருக்கேன். அழிக்கணும்னா புவான் சொல்லட்டும். என் கையால மாட்டேன் தம்பி."

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சந்தில் நிற்க இடமில்லை. கடைக்காரர்கள், வீட்டுக்காரர்கள், எண்ணெய்க் கையோடு நல்லம்மாள். புவான் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து, லோங்காங்கையும் எட்டிப் பார்த்தார். பிறகு சுவர் முன் நின்றார். வெகுநேரம் பார்த்தார். சிவசுப்பிரமணியன் கோப்பைத் திறந்து, நல்ல மலாயில், நிறுத்தி நிதானமாகப் பேசினார். மானம், தனிமனித உரிமை, சட்டப் பிரிவு. கூட்டம் கப்சிப் என்று கேட்டது. குமுதா துடைப்பக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். போச்சு என்றே நினைத்தாள்.

"இதில் யார் படம் இருக்கிறது என்கிறீர்கள்?" என்று புவான் கேட்டார்.

"நான். நாலாவது ஆள்."

"முகமே இல்லையே?"

"முகம் எதற்கு? அந்த மெத்தை இருக்கிறதே!"

வாதாடும் வேகத்தில் வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. புவான் புருவத்தை உயர்த்தினார். "அப்படியானால் அந்த மெத்தை உங்களுடையதா?" முப்பது வருடம் மற்றவர்களைக் கூண்டில் ஏற்றிய மனிதர் தானே படி ஏறிப் போய் நின்றிருந்தார். பின்னாலிருந்து நல்லம்மாள் குபீரென்று சிரித்தாள். அது பரவிச் சந்து முழுக்கச் சிரித்தது.

அந்தச் சத்தத்தில் கோடிவீட்டுப் பின்கதவு திறந்தது. வழக்கறிஞரின் மனைவி செகப்பி ஆச்சி வந்தார். கூட்டம் வழிவிட்டது. ஆச்சி சுவர் அருகில் போய், மெத்தை முன்னால் நின்று, விரலை நீட்டினார். பச்சைக் கோடு போட்ட துணி, ஓரத்தில் சிவப்பு நாடா, மூலையில் சிவப்பு நூலால் 'செ' என்று ஓர் எழுத்து. குமுதா கண்ணால் கண்டதை அப்படியே எழுதியிருந்தாள். அந்த எழுத்து யாருடையது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"இது எங்க ஆத்தா எனக்குச் சீரா வச்ச மெத்தை" என்றார் ஆச்சி. "இலவம் பஞ்சு. கப்பல்ல வந்துச்சு. முதியோர் இல்லத்துல குடுத்தாச்சுன்னு சொன்னீகளே?"

சிவசுப்பிரமணியன் கோப்பை மூடினார். "அவுக லோரி அனுப்பலை செகப்பி. அதான்..."

"அதான் இங்க கொண்டாந்து போட்டீகளா?" ஆச்சி குமுதா பக்கம் திரும்பினார். "நீதான் எடுத்தியா?"

"ஆமா ஆச்சி. மழையில ஊறிப்போயிருந்துச்சு. நாலு பேரு சேந்துதான் தூக்க முடிஞ்சது. நல்ல சாமானா இருந்துச்சேன்னு மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, அதான் ஞாபகம்."

ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு புவானிடம், திக்கித் திக்கி மலாயில், ஆனால் கூட்டம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்: "இந்தப் படத்தில் பொய் ஒன்றும் இல்லை. இதை அழிக்கக் கூடாது."

"அந்த எண்ணெய் டின்னு என்னோடது!" என்று கத்தினாள் நல்லம்மாள். அவ்வளவுதான், அணை உடைந்தது. நாப்பிக் கோபுரத்துக்கு ஒருத்தி கை தூக்கினாள். மைக்ரோவேவுக்குச் சொந்தக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே முன்னால் வந்தார். கார்த்திகேசுவும் வந்திருந்தான். "மொத ஆளு நான்தான் புவான்" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டான். புவான் வாயைக் கையால் மறைத்துச் சிரித்தார். ஆனால் அதிகாரி அதிகாரிதான். தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார். படம் இப்போதைக்கு இருக்கட்டும், மூன்றாம் நோட்டிஸும் இன்று இல்லை. ஆனால் இரண்டு வாரச் சுத்தத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை பெரிய சாமான் ஏற்றும் லோரி வரும், நானும் வருவேன். அன்று இந்தச் சுவரடியில் ஒரு குவியல் இருந்தாலும் சுவர் வெள்ளையாகும், நோட்டிஸும் வரும்.

குமுதாவுக்கு மூச்சு வந்தது, பாதி மூச்சு. தீபாவளிக்கு முந்தின வாரம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஊரே வீட்டைக் கழுவி, பழசை எல்லாம் வெளியே தள்ளுகிற வாரம். எட்டு வருடத்திலும் அவள் முதுகை ஒடித்தது அந்த வாரம்தான். படம் பழகிவிட்டால் கண்ணும் பழகிவிடும். எவனாவது ஒருவன் ஒரு சோபாவைத் தள்ளினால் போதும், முடிந்தது கதை.

வெள்ளிக்கிழமை வரை சுவரடி காலியாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்குக் கிலியாக இருந்தது. இவ்வளவு பழசும் எங்கே போகிறது? சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்தாள். சந்தில் ஒன்றும் இல்லை. எட்டு மணிக்கு லோரி வந்து சந்து முனையில் நின்றது. புவான் வந்தார். மகேந்திரன் நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தான். எட்டரை ஆயிற்று. ஒருவரையும் காணோம்.

அப்போது முன்தெருப் பக்கமிருந்து நாதஸ்வரச் சத்தம் கேட்டது. யாரோ கைப்பேசியை ஒலிபெருக்கியில் மாட்டியிருந்தார்கள். தெருமுனை திரும்பி ஒரு வரிசை வந்தது. முன்னால் செகப்பி ஆச்சி, அரக்குப் பட்டுப்புடவை, வைரத் தோடு, கையில் வெள்ளித் தாம்பாளம், தாம்பாளத்தில் மூடி உடைந்த மிக்ஸி. பின்னால் நல்லம்மாள், தலையில் பூ, தட்டில் ஓட்டை விழுந்த எண்ணெய்ச் சட்டி. அதற்குப் பின்னால் விசிறி, கிழிந்த சோபாவின் துண்டுகள், கால் போன கட்டில், டிவி. ஆண்கள் வேட்டி கட்டியிருந்தார்கள். எல்லோரும் முன்வாசல் வழியாகப் புறப்பட்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு, நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து நடந்து வந்தார்கள். எதிர்க்கடையில் காபி குடித்துக்கொண்டிருந்த சீனக் கிழவர்கள் கப்போடு எழுந்து வந்தார்கள்.

லோரிக்கு முன்னால் ஆச்சி நின்று, திரும்பி எண்ணினார்.

"இருபது. இது ஆவாது. சீர்னா ஒத்தப்படையா இருக்கணும். இன்னும் ஒண்ணு குறையுது" என்று வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார். "வாரீகளா, இல்ல நான் வந்து கூப்பிடவா?"

தேக்குக் கதவு திறந்தது. சிவசுப்பிரமணியன் வந்தார். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், தலைமேல் அவருடைய ஆபீசின் கால் ஒடிந்த சுழல் நாற்காலி. முகத்தைப் பார்த்தால் கடுகு வெடிக்கும் போலிருந்தது. ஆனாலும் கார் இரண்டையும் தாண்டி, தெரு முழுதும் பார்க்க, கடைசி ஆளாக வந்து வரிசையில் நின்றார். கூட்டம் கைதட்டியது. அதற்குமேல் அவராலும் முறைப்பாக இருக்க முடியவில்லை, உதட்டோரம் கோணியது.

குமுதா கையுறையோடு லோரியின் பின்பக்கம் நின்றாள். சாமான்களைக் கீழே இறக்கிவிட்டு நகர்வார்கள் என்று நினைத்துக் குனியப் போனாள். ஆச்சி இறக்கவில்லை. "நீ சம்மந்தி வீட்டுக்காரி, நிமிந்து நில்லு" என்று சொல்லி, தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினார். குமுதா கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினாள். அடுத்து நல்லம்மாள் நீட்டினாள். அடுத்தவர், அதற்கடுத்தவர். எட்டு வருடமாக இந்த ஊர்க் குப்பையைத் தூக்குகிறாள், ஒருவரும் அதை அவள் முகத்தைப் பார்த்து, அவள் கையில் கொடுத்ததில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கி லோரிக்காரரிடம் கொடுத்து ஏற்றிவிட்டாள்.

புவான் சந்துக்குள் போய்ச் சுவரடி வரை பார்த்துவிட்டு வந்தார். லோரிப் பலகையிலேயே தாளை வைத்து, 'சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பழைய இரண்டு நோட்டிஸையும் தள்ளுபடி செய்து மகேந்திரனிடம் கொடுத்தார். அவன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக் கத்தினான்: "அக்கா! சந்து உங்களுக்குத்தான்!"

கடைசியாக சிவசுப்பிரமணியன் வந்தார். நாற்காலியைத் தலையிலிருந்து இறக்கி, துண்டால் அதன் தூசியைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தாம்மா குமுதா. எங்க வீட்டுச் சீர். குறையிருந்தா மன்னிக்கணும்."

அவருக்கு அவள் பெயர் தெரிந்திருக்கும் என்று குமுதா நினைத்ததே இல்லை. நாற்காலி நல்ல கனம். அதை மார்போடு அணைத்து வாங்கிக்கொண்டாள்.

"ஒரு குறையும் இல்ல லாயர் சார். சீரு நெறஞ்சிருக்கு" என்றாள். சொல்லும்போது கண்ணீர் வந்துவிட்டது. அவள் துடைக்கவில்லை, கையில் இடமில்லை. அப்படியே திரும்பி, நாற்காலியை லோரியில் ஏற்றினாள்.